கடல் கடந்து கற்ற கணித மேதை

நம் வேலூர், ஆம்பூர் வட்டாரத்தில் காலணி என்பது காலில் அணியும் பொருள் மட்டுமன்று. பல இல்லங்களில் அடுப்பெரியச் செய்வதும் அதுவே. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் ஆவாரம் பட்டையால் பதனிட்ட தோல்கள், ஒரு காலத்தில் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி இலண்டன் சந்தைக்குச் சென்றன. முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் படைவீரர்களின் பூட்ஸுகளுக்குச் சென்னை மாகாணத்துத் தோல் பெரிதும் பயன்பட்டது.

அதே துறைமுக அலுவலகத்தில், மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில், கணக்கெழுதும் எழுத்தர் ஒருவர் இருந்தார். 1914 ஆம் ஆண்டில் அவரும் கப்பலேறி இங்கிலாந்து சென்றார். இருபத்தாறு ஆண்டுகள் தளைகளின்றி நடந்து பழகிய அவருடைய பாதங்களை, அந்த நாட்டின் பூட்ஸ் கடித்து வருத்தியது. தோலும் அதே கடல் வழியே சென்றது. அவரும் அதே கடல் வழியே சென்றார். ஆனால், அந்த நாட்டுக்குப் பொருந்திப்போவது தோலுக்கு எளிதாக இருந்தது. மனிதருக்கு எளிதாக இல்லை.

அந்த எழுத்தர்தாம் கணித மேதை சீனிவாச இராமானுஜன். அவருடைய சூத்திரங்களின் பெருமையைப் பேரறிஞர்கள் பலர் எழுதியுள்ளனர். நாம் இங்கே காண விரும்புவது வேறொன்று. அந்நிய மண்ணில் ஒரு மாணவராக அவர் எப்படி உண்டார், எப்படி உறங்கினார், யாருடன் பேசினார், யாரிடம் பேசாமல் இருந்தார் என்பதே அது. நாளை விடுதி வாழ்க்கைக்குச் செல்லவிருக்கும் மாணவியரும், அவர்களை அனுப்பவிருக்கும் பெற்றோரும் இதனை அறிந்துகொள்வது நலம்.

இளமைப் பருவம்

இராமானுஜன் 1887 டிசம்பர் 22 ஆம் நாள் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தை சீனிவாச ஐயங்கார் ஒரு துணிக்கடையில் கணக்கர். தாயார் கோமளத்தம்மாள் மகன்மீது உயிரையே வைத்திருந்தவர். பள்ளியில் பரிசுகள் பல பெற்ற சிறுவர், கல்லூரியில் இடறி விழுந்தார். கணிதம் தவிர வேறெதிலும் மனம் செல்லவில்லை. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் எஃப்.ஏ. தேர்வில் வெற்றி கிட்டவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் அல்லவா?

1909 ஆம் ஆண்டில் அவருக்கும் பத்து வயதுச் சிறுமி ஜானகிக்கும் திருமணம் நடந்தது. அந்நாளைய வழக்கம் அப்படி. குடும்பப் பொறுப்பு வந்ததும் வேலை தேடி அலைந்தார். 1912 மார்ச் மாதம் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தரானார். அங்கே மேலாளராக இருந்த நாராயண ஐயரும் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் இவருடைய திறமையை உணர்ந்து ஊக்கமளித்தனர். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தம் கண்டுபிடிப்புகளை எழுதி அனுப்பினார். பட்டம் பெறாத ஓர் எழுத்தரின் கடிதத்தைக் குப்பைக் கூடையில் போடாமல் ஊன்றிப் படித்த ஹார்டிக்கும், கணித உலகம் நன்றி சொல்லக் கடமைப்பட்டுள்ளது.

கேம்பிரிட்ஜுக்கு வருமாறு ஹார்டி அழைத்தார். கடல் கடப்பது ஆகாது என்று எண்ணிய ஆசாரமான குடும்பம் அது; தாயார் முதலில் இணங்கவில்லை. 1914 தொடக்கத்தில் ஹார்டியின் நண்பரான கணித ஆசிரியர் நெவில் சென்னைக்கு வந்து, நேரில் பேசி ஊக்கமூட்டினார். ஒருவாறு தாயாரின் இசைவும் கிடைத்தது. சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை வழங்க முன்வந்தது.

கடற்பயணம்

புறப்படுமுன் குடுமியைக் களைய வேண்டியிருந்தது. தாயும் மனைவியும் அதனைக் கண்டு வருந்தக் கூடாதென்று, அவர்களை முன்னதாகவே கும்பகோணம் அனுப்பிவிட்டார். கோட்டு, கால்சட்டை, கழுத்துப்பட்டை அனைத்தும் புதியன. கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கப் பழகினார். பதினைந்தாம் வயதை எட்டிக்கொண்டிருந்த ஜானகி, தாமும் உடன் வருவதாகக் கேட்டுப் பார்த்தார். இராமானுஜன் இசையவில்லை.

1914 மார்ச் 17 ஆம் நாள் நெவாசா என்னும் கப்பல் சென்னையை விட்டுப் புறப்பட்டது. முதற் சில நாட்கள் கடல் நோய் வாட்டியது. அக்கப்பலில் டாக்டர் சவுரி முத்து என்ற தமிழ் மருத்துவரும் பயணம் செய்தார். இங்கிலாந்தில் காசநோய் மருத்துவமனை நடத்திவந்தவர் அவர். பின்னாளில், 1928 இல், தாம்பரம் காசநோய் மருத்துவமனையை நிறுவியவரும் அவரே. பயணத்தில் அறிமுகமான அந்த மருத்துவரிடமே பிற்காலத்தில் நோயாளியாகச் செல்ல நேருமென்று, அன்று இராமானுஜன் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார்.

ஏப்ரல் 14 ஆம் நாள் கப்பல் இலண்டனை அடைந்தது. நெவிலும் அவருடைய தமையனாரும் மோட்டார் வண்டியுடன் வந்து வரவேற்றனர். இந்திய மாணவர்கள் தங்கும் இல்லத்தில் சில நாட்கள் தங்கிய பின், கேம்பிரிட்ஜில் நெவில் தம்பதியரின் வீட்டிலேயே முதல் வாரங்களைக் கழித்தார். பின்னர், மூவொரு இறைவனின் பெயர் தாங்கிய டிரினிடி கல்லூரியில் அவருக்கு அறை கிடைத்தது. ஹார்டியின் அறைக்குச் சில நிமிட நடைத் தொலைவுதான்.

சட்டியும் கணக்கும்

டிரினிடி கல்லூரியின் உணவுக்கூடம் புகழ்பெற்றது. மாணவரும் ஆசிரியரும் கூடியுண்ணும் இடம் அது. நட்புகள் மலர்வதும் அங்கேதான். ஆனால் இராமானுஜன் புலால் உண்ணாதவர். கல்லூரிச் சமையலறையில் எந்தக் கொழுப்பில் எதனைப் பொரிக்கிறார்களோ என்ற ஐயம் அவருக்கு. ஆகவே அறையிலேயே தாமே சமைத்து உண்டார். புளி முதலிய பொருள்கள் தாயகத்திலிருந்து அஞ்சலில் வரவேண்டியிருந்தது. இதனால் வயிறு ஒருவாறு நிறைந்தது. ஆனால் கூடியுண்ணும் உறவு வாய்க்கவில்லை.

வந்த நான்கே மாதங்களில் முதல் உலகப் போர் மூண்டது. டிரினிடியின் வளாகத்திலேயே காயமுற்ற வீரர்களுக்குப் படுக்கைகள் போடப்பட்டன. உடன் ஆராய்ந்த லிட்டில்வுட் என்ற பேராசிரியர் படைப்பணிக்குச் சென்றார். பாலும் காய்கறியும் அரிதாயின. போர் நடக்கும் நாடு வேறு, தாம் இருக்கும் இடம் பாதுகாப்பானது என்று தாயாருக்குக் கடிதம் எழுதித் தேற்றினார் இராமானுஜன். தம்மைத் தேற்றுவார் யாரென்று அவர் எழுதவில்லை.

கேம்பிரிட்ஜில் பயின்ற வங்காள மாணவர் பிரசந்த சந்திர மகலனோபிஸ் அவருடைய நண்பரானார். பின்னாளில் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்த பேரறிஞர் இவர். ஒரு நாள் மகலனோபிஸ் இராமானுஜனின் அறைக்குச் சென்றபோது, அவர் அடுப்பில் சட்டியை வைத்துக் காய்கறி கிளறிக்கொண்டிருந்தார். நண்பர் ஒரு மாத இதழிலிருந்து புதிர்க்கணக்கு ஒன்றைப் படித்தார். ஒரு தெருவில் வீடுகள் 1, 2, 3 என்று வரிசையாக எண்ணிடப்பட்டுள்ளன. ஒரு வீட்டுக்கு இடப்புறமுள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்புறமுள்ள எண்களின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குள். அந்த வீட்டின் எண் என்ன?

மகலனோபிஸ் சில நிமிடங்கள் முயன்று விடை கண்டிருந்தார். இராமானுஜனோ கிளறுவதை நிறுத்தாமலே, இந்த ஒரு தெருவுக்கு மட்டுமன்றி இத்தகைய தெருக்கள் அனைத்துக்கும் விடை தரும் ஒரு தொடர்பின்னத்தைச் சொல்லி எழுதிக்கொள்ளச் செய்தார்! வீட்டின் எண் 204. தெருவில் மொத்தம் 288 வீடுகள். மாணவியரே, சிறிய தெரு ஒன்றில் நீங்களே சரிபார்க்கலாம். எட்டு வீடுகள் உள்ள தெருவில் ஆறாம் வீட்டுக்கு ஒருபுறம் 1, 2, 3, 4, 5. மறுபுறம் 7, 8. இரண்டு பக்கமும் கூட்டினால் பதினைந்தே.

மடித்துச் செருகிய கம்பளி

குளிர்காலத்தில் ஒரு நாள் மகலனோபிஸ் மீண்டும் வந்தார். இராமானுஜன் கணப்பருகே ஒண்டி அமர்ந்திருந்தார். இரவில் குளிர் தாங்க முடிகிறதா என்று நண்பர் வினவினார். மேலங்கியை அணிந்து, சால்வையையும் போர்த்திக்கொண்டு படுத்தும் நடுங்குவதாக அவர் சொன்னார். போதிய கம்பளிகள் இல்லையோ என்று ஐயுற்ற நண்பர் உள்ளே சென்று படுக்கையைப் பார்த்தார். கம்பளிகள் பல இருந்தன! ஆனால் அந்த நாட்டு வழக்கப்படி, அவை மெத்தையின் ஓரங்களில் இறுக மடித்துச் செருகப்பட்டு, மேலே ஒரு விரிப்பும் போடப்பட்டிருந்தன. கம்பளியை விலக்கி அதன் உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது இராமானுஜனுக்குத் தெரியவில்லை. நாள்தோறும் கம்பளிகளின்மேல் படுத்தே நடுங்கியிருக்கிறார்.

மகலனோபிஸ் நகைக்கவில்லை. கம்பளியை எடுத்து விலக்கி, எப்படி உள்ளே படுப்பது என்று அன்போடு காட்டிக்கொடுத்தார்.

இந்நிகழ்ச்சியைப் பலர் வேடிக்கைக் கதையாகச் சொல்வதுண்டு. நமக்கோ இது வேடிக்கையாகத் தோன்றவில்லை. கணிதத்தில் எவரும் காணாதவற்றைக் கண்ட ஒருவருக்குப் படுக்கை விரிக்கும் முறையைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. கேட்பதற்கு அவருக்கும் கூச்சம். நாள்தோறும் அவரைக் கண்டு கணிதம் பேசியவர்கள் இருந்தனர். இரவில் எப்படி உறங்குகிறீர் என்று கேட்டவர் ஒருவரே.

விருந்தும் வருத்தமும்

தனிமையிலும் விருந்தோம்பல் அவரை விட்டு அகலவில்லை. ஒரு முறை இந்திய நண்பர் ஒருவரையும், அவருக்கு மணம் பேசியிருந்த பெண்ணையும், அப்பெண்ணின் துணையாக வந்த மற்றொரு பெண்மணியையும் விருந்துக்கு அழைத்தார். தம் கையால் இரசம் வைத்துப் பரிமாறினார். விருந்தினர் மகிழ்ந்து இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டனர். மூன்றாம் முறை பரிமாற வந்தபோது பெண்கள் போதுமென்றனர். சற்று நேரத்தில் இராமானுஜனைக் காணவில்லை. நெடுநேரம் காத்திருந்தும் அவர் திரும்பவில்லை. சில நாட்கள் கழித்தே, அவர் ஆக்ஸ்போர்டு நகருக்குச் சென்றுவிட்ட செய்தி தெரிந்தது. தாம் பரிமாறியதை மறுத்தது அவருக்குத் தாங்கவொண்ணாத அவமானமாகப் பட்டதாம்!

நம் வீடுகளில் போதும் என்றாலும் இன்னும் ஒரு கரண்டி விழும். போதும் என்பது மறுப்பன்று என்பது நமக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும். ஆயினும், தனித்திருந்து தனித்திருந்து மெலிந்த உள்ளத்துக்குச் சிறு சொல்லும் பெரிய காயமாகிவிடுகிறது.

அறிவின் அறுவடை

இத்தனை இடர்களுக்கிடையே அவர் செய்த பணி வியப்புக்குரியது. நாள்தோறும் புதிய தேற்றங்கள் பலவற்றை ஹார்டியின் முன் கொண்டுவந்து வைத்தார். 1916 மார்ச் மாதம் ஆராய்ச்சிக்காகக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு பி.ஏ. பட்டம் வழங்கியது. எஃப்.ஏ. தேறாதவருக்குக் கிடைத்த பட்டம் அது!

ஹார்டியுடன் சேர்ந்து அவர் ஆராய்ந்தவற்றுள் ஒன்றை எல்லோரும் புரிந்துகொள்ளலாம். 4 என்ற எண்ணை எத்தனை வகையாகக் கூட்டலாகப் பிரிக்கலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. ஆக ஐந்து வகை. அப்படியானால் 200 என்ற எண்ணை? விடை 39,72,99,90,29,388. அதாவது ஏறத்தாழ நான்கு இலட்சம் கோடி வகைகள்! இவற்றை ஒவ்வொன்றாக எழுதாமலே எண்ணிக்கையைக் கணிக்கும் வழியை இருவரும் 1918 இல் வெளியிட்டனர்.

ஆனால் உழைப்புக்கு ஒழுங்கில்லை. தொடர்ந்து முப்பது மணி நேரம் எழுதிவிட்டு, அடுத்த இருபது மணி நேரம் உறங்கிய நாட்களும் உண்டு என்பர். சமைக்க நேரமின்றி ஒரு வேளை உணவோடு நாளைக் கழித்தார். இரவில் கண்விழித்துப் படிப்பதையே பெருமையாகக் கருதும் மாணவியர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நின்றுபோன கடிதங்கள்

முதலாண்டில் இராமானுஜன் வீட்டுக்கு அடிக்கடி எழுதினார். பிறகு கடிதங்கள் குறைந்தன. 1917 அளவில் ஏறத்தாழ நின்றேபோயின. ஏன்?

வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் மனம் ஒத்துப்போகவில்லை. ஜானகி கணவருக்கு எழுதிய கடிதங்களும், கணவர் ஜானகிக்கு எழுதிய கடிதங்களும் உரிய கைக்குச் சேராமல் தடுக்கப்பட்டன. கடைசியில் ஜானகி தம் தமையனார் இல்லத்துக்குச் சென்றுவிட்டார். மனைவி ஏன் எழுதவில்லை என்று அங்கே அவர் ஏங்கினார். கணவர் ஏன் எழுதவில்லை என்று இங்கே இவர் ஏங்கினார். கோமளத்தம்மாள் கொடியவர் அல்லர், மகனுக்காகவே வாழ்ந்தவர். எனினும் தாயன்பும் தடம் மாறினால் தனயனையே வருத்தும் என்பதற்கு இக்குடும்பம் சான்றாயிற்று.

நோயும் புகழும்

1917 வசந்த காலத்தில் இராமானுஜன் நோயுற்றார். காசநோய் என்று மருத்துவர்கள் கருதினர். டாக்டர் சவுரி முத்துவின் மருத்துவமனை உட்படப் பல நிலையங்களில் மாறிமாறித் தங்கினார். அந்நாளில் காசநோய்க்கு முக்கியச் சிகிச்சைகளுள் ஒன்று தூய காற்று. ஆதலால் குளிர்காலத்திலும் சன்னல்களைத் திறந்தே வைப்பர். வெப்ப நாட்டிலிருந்து வந்தவர் அங்கே எப்படி நடுங்கியிருப்பார்! குளியலறை மட்டும் கதகதப்பாக இருந்ததால், தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு அங்கே சென்று எழுதப்போவதாக ஹார்டிக்குத் தெரிவித்தார். அவருக்கு வந்தது காசநோயன்று, குணப்படுத்தக்கூடிய ஈரல் நோயாக இருந்திருக்கலாம் என்று 1994 இல் ஆய்வாளர் ஒருவர் ஆராய்ந்து எழுதினார்.

உடல் நோயோடு மனநோவும் சேர்ந்தது. 1918 தொடக்கத்தில் உயிரையே வெறுக்கும் அளவுக்கு அவர் உள்ளம் தளர்ந்துபோனார். நல்ல வேளையாக அவர் காப்பாற்றப்பட்டார். ஹார்டி ஓடிவந்து உடனிருந்து, அதிகாரிகளிடம் அவருக்காகப் பேசினார். மேதைகளுக்கும் மனம் உடையும். உடைந்த மனத்துக்குத் தேவை கண்டனமன்று, துணை.

அந்த ஆண்டிலேயே புகழும் வந்தது. 1918 மே மாதம் இலண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அக்டோபர் மாதம் டிரினிடி கல்லூரியின் ஃபெல்லோ ஆனார். அக்கல்லூரியில் அச்சிறப்பைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. இலண்டனை அடுத்த பட்னியில் நோயுற்றிருந்த அவரைக் காண ஹார்டி வாடகை வண்டியில் வந்ததும், அவ்வண்டியின் எண் 1729 சுவையற்றது என்று சொன்னதும், அது இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இரு வகையில் எழுதத்தக்க மிகச் சிறிய எண் என்று இராமானுஜன் உடனே விடையளித்ததும் உலகறிந்த செய்தி. 1 இன் கனமும் 12 இன் கனமும் கூட்டினால் 1729; 9 இன் கனமும் 10 இன் கனமும் கூட்டினாலும் 1729.

அதனினும் பெரிய செய்தி ஒன்றுண்டு. சென்னைப் பல்கலைக்கழகமும் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுன் வழங்க முன்வந்தது. 1919 ஜனவரியில் அவர் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுன் போக, தம் தேவைக்கு மிஞ்சும் பணத்தை ஏழை மாணவர், அநாதைச் சிறுவர் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்துக்கும், பள்ளிகளுக்குப் புத்தகங்கள் வாங்கவும் பயன்படுத்த வேண்டினார். உதவித்தொகையை இழந்த துயரம் என்னவென்று அறிந்தவர் எழுதிய கடிதம் அல்லவா!

தாயகம் திரும்புதல்

1919 மார்ச் 27 ஆம் நாள் கப்பலில் பம்பாய் வந்து இறங்கினார். தாயாரும் தம்பியும் எதிர்கொண்டனர். ஜானகி எங்கே என்பதே அவருடைய முதல் வினாக்களுள் ஒன்றாக இருந்தது. ஜானகி அங்கு இல்லை. இரயிலேறி, நம் அரக்கோணம் வழியே, ஏப்ரல் 2 ஆம் நாள் சென்னை சேர்ந்தார். மெலிந்த உருவத்தைக் கண்டு நண்பர்கள் கலங்கினர்.

ஜானகி கணவரிடம் வந்து சேர்ந்தார். எஞ்சிய ஓராண்டும் இரவும் பகலும் பணிவிடை செய்தார். வலி மிகும்போதெல்லாம் ஒற்றடம் கொடுத்தார். இங்கிலாந்துக்கு ஜானகியும் உடன் வந்திருந்தால் தமக்கு இந்நோய் வந்திராது என்று கணவர் சொன்னதை, அம்மையார் முதுமையிலும் மறக்காமல் நினைவுகூர்ந்தார். படுக்கையிலும் இராமானுஜன் எழுதுவதை நிறுத்தவில்லை. 1920 ஜனவரியில் புதியதொரு கண்டுபிடிப்பை ஹார்டிக்கு எழுதினார். 1920 ஏப்ரல் 26 ஆம் நாள், சென்னைச் சேத்துப்பட்டில், 32 ஆம் வயதில் மறைந்தார். அந்த இறுதி ஆண்டின் தாள்கள் 1976 இல் டிரினிடி கல்லூரி நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டு, அறிஞர்களை இன்றும் ஆராயவைக்கின்றன.

ஜானகி அம்மையார் 21 வயதில் கைம்பெண்ணானார். தளர்ந்து போகவில்லை. தையற்கலை கற்று, திருவல்லிக்கேணியில் தையல் தொழிலும் தையல் பயிற்சியும் நடத்தித் தம் காலில் நின்றார். ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்து ஆளாக்கினார். கணவர் மறைந்து 74 ஆண்டுகளுக்குப் பின், 1994 இல், 95 ஆம் வயதில் மறைந்தார். தையல் எந்திரத்தின் ஒலியில் விடிந்து தையல் எந்திரத்தின் ஒலியில் அடங்கும் நம் ஊர்ப் பெண்களுக்கு, இந்த அம்மையாரின் உழைப்பை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

நாம் பெறும் பாடம்

இராமானுஜனைப்போல் எண்களைக் காணும் கண் நமக்கு வாய்க்காமல் போகலாம். ஆனால் அவர் பட்ட துன்பம் வீட்டை விட்டுச் செல்லும் எவருக்கும் வரக்கூடும். சென்னையில், பெங்களூரில், அயல்நாட்டில் மேற்படிப்புக்குச் செல்லும் நம் மாணவியர் மதிப்பெண்ணை மட்டும் வீட்டுக்குச் சொல்லாமல், சாப்பிட்டேனா, உறங்கினேனா, அழுதேனா என்பதையும் சொல்ல வேண்டும். தெரியாததைக் கேட்பது சிறுமையன்று. பெற்றோரும் தேர்வு எப்படி என்று கேட்குமுன், உடம்பு எப்படி, மனம் எப்படி என்று கேட்பது நன்று. பிள்ளையின் சொல்லுக்கும் மருமகளின் சொல்லுக்கும் நடுவே எவரும் நிற்க வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. நம் வேலூர் வெளியூர் மாணவரை வரவேற்கும் நகரம். மருத்துவம், பொறியியல், செவிலியம் பயில வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும், வங்காளத்திலிருந்தும், கேரளத்திலிருந்தும் பிள்ளைகள் வருகின்றனர். காலணித் தொழிற்சாலை வேலைக்காகத் தொலைதூரச் சிற்றூர்களிலிருந்து வரும் பெண்களும் நம்மிடையே இருக்கின்றனர். நம் இரசமும் நம் வெயிலும் அவர்களுக்குப் புதியவை. கூச்சத்தால் எதையும் கேளாமல் இருப்போர் அவர்களுள் பலர் இருப்பர்.

கணிதத்தில் இராமானுஜனுக்கு நிகராக நாம் ஆக முடியாது. ஆனால் குளிர்நாளில் ஒரு கதவைத் தட்டி, உள்ளே சென்று, செருகியிருந்த கம்பளியை விலக்கிக் காட்டிய அந்த நண்பருக்கு நிகராக, நம்முள் எவரும் இன்றைக்கே ஆகலாம்.